பூட்டு நின்ற பக்கம்

கால்பந்து ஆட்டத்திலிருந்து பூட்டு ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து, உருளக்கூடிய எந்தப் பொருளும் அவர் இருந்த திசையைப் பார்த்தே உருண்டது. முதலில் வந்தது ஒரு வெங்காயம். சமையலறைக் கூடையிலிருந்து இறங்கி, நிலைப்படியைத் தாண்டி, கட்டுப்போட்ட முழங்காலை முக்காலியில் நீட்டியபடி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிவரை வந்து, கீழே ஊன்றியிருந்த பாதத்தை முட்டி நின்றது. அதன் பின்னால் இன்னும் சில வெங்காயங்கள் வந்தன. மனைவி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கூடைக்கு மூடி போட்டாள். பிற்பகலில் மாத்திரைப் புட்டி வந்தது. மறுநாள் மாடியில் குடியிருந்த அவருடைய அக்காவின் நூற்கண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. அந்த வாரக் கடைசியில் கொத்தனாரை அழைத்துத் தரையைச் சோதிக்கச் சொன்னார்கள். அவர் கூடத்தின் நான்கு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, தரை நேராகத்தான் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் ஆளை வேண்டுமானால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் ஆடிய காலத்தில் இப்படி எதுவும் நடந்ததில்லை. காலுக்கு வந்த பந்தை வேறு யாரும் எடுக்க முடியாது என்பதால்தான் மைதானத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை அவர் ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவரில் சம்பாதித்தார். பள்ளி விட்டதும் அந்தச் சுவருக்குப் போய், இடது காலால் அடித்து வலது காலால் நிறுத்தி, வலது காலால் அடித்து இடது காலால் நிறுத்தி, அவர் ஆளாகி முதல் கிளப்பில் சேர்வதற்குள் அந்தச் சுவரில் பூச்சு என்பதே இல்லாமல் போயிருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் வரிசையில் முந்தி நின்றவர்கள் அல்லர். அவருடைய அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். சொந்த மைத்துனரின் லாரி வந்தபோதும் ஆள் எடை சேராதபடி டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போட்டார். அந்த மைத்துனர் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்காக யாரும் வருந்தவும் இல்லை.

ஆகவே வெங்காயம் வந்த வாரத்திலேயே அக்கா ஒரு முடிவு எடுத்தார். அவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியைவிட மிகவும் மூத்தவர். நாற்காலியில் சாயாமல் உட்காருவார்.

"இது இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது," என்றார்.

"இதுல என்ன அண்ணி இருக்கு, வெங்காயம்தானே வருது?" என்றாள் பூட்டுவின் மனைவி. அவள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் எளிதில் பதறாதவள்.

"இன்னைக்கு வெங்காயம். நாளைக்கு எவன் முன்னாடியாவது பந்து வரும். அப்புறம் என்ன பேசுவான்? இத்தனை வருஷம் இவன் ஆடவே இல்ல, பந்துதான் தானா வந்து ஒட்டிக்கிச்சுன்னு பேசுவான். இவன் வாங்குன ஒவ்வொரு மெடலையும் கழுவிக் கமுத்திடுவான். வேணுமா உனக்கு?"

பூட்டு குனிந்து, காலடியில் கிடந்த நூற்கண்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

வீடு அதற்குப் பழகிக்கொண்டது. எலுமிச்சம்பழத்தை வெட்டிய பிறகே மேடையில் வைத்தார்கள். பென்சில்கள் எல்லாம் ஆறுபட்டையாக வாங்கப்பட்டன. அவர் தூங்கும்போது எந்தப் பக்கம் புரள்கிறார் என்பதைக் குழாயடியில் உருண்டு கிடக்கும் பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்தே மனைவி சொல்லிவிடுவாள். தெருவில் அவர் நடந்தால் தள்ளுவண்டிக்காரர் இரண்டு கையாலும் தக்காளியை அணைத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் எதிர்ப்பக்கமா போங்க சார், இதுங்களுக்கு உங்கமேல என்னமோ பாசம்," என்பார். தெருக்காரர்கள் சாலை சரியில்லை என்று நகராட்சியில் மனு கொடுத்தார்கள். நகராட்சியும் சாலையை மறுபடி போட்டது. தக்காளியின் வழக்கம் மாறவில்லை.

முழங்கால் ஒருமாதிரி தேறிய பிறகு அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் இருந்தது. பெரிய கிளப்புகள் பெரிய படிப்புப் படித்த பயிற்சியாளர்களைத் தேடின. மூன்றாம் டிவிஷனில் இருந்த ஒரு சின்னக் கிளப்பின் தலைவர், டயர் கடை வைத்திருப்பவர், பழைய அபிமானத்தில் வந்து கூப்பிட்டார். அந்த அணியில் கோல்கீப்பர் பால் வேன் ஓட்டினார். கேப்டன் பிளம்பர். முன்னால் ஆடுபவர் ஜெராக்ஸ் கடையில் நின்றார். எல்லோரும் வேலை முடிந்து வந்து, கிரீஸும் பாலும் மையும் மணக்கப் பயிற்சி செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேப்டனுக்கு யார் வீட்டிலாவது குழாய் உடைந்ததாக ஃபோன் வரும். பூட்டு அவர்களை ஒருபோதும் திட்டவில்லை. பந்தை நிறுத்துவது எப்படி, நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது எப்படி என்று இரண்டை மட்டும் சொல்லிக் கொடுத்தார். பயிற்சியின்போது பந்து அடிக்கடி அவரிடமே வந்தது. கோச் என்றால் பந்து வரத்தானே செய்யும் என்று யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் அவருக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. பெஞ்சின் கூரைத் தகடு முந்தின வாரக் காற்றில் பறந்திருந்தது. அதனால் தெற்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், சுவரின் நிழலில், ஒரு நாற்காலி போட்டார்கள். முற்பாதியில் தெற்குக் கோல் எதிரணியுடையது. அன்று எதிரணிக் கோல்கீப்பர் கண்ட கஷ்டம் பரிதாபமானது. அவர் கையால் தட்டிவிட்ட பந்து திரும்பி உள்ளே போயிற்று. வெளியே போகவேண்டிய பந்து யோசித்துத் திரும்பியது. அவருடைய அணிக்காரரே பின்னால் தள்ளிய பந்து நிற்காமல் அவரைக் கடந்து வலைக்குள் நுழைந்தது. மைதானமே கொண்டாடியது. ஹாஃப் டைம் முடிந்து அணிகள் பக்கம் மாறின. நாற்காலியை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, உட்கார்ந்திருந்தவர் உட்பட. பிற்பாதியில் பால் வேன்காரர் அதே கஷ்டத்தை அனுபவித்தார். முற்பாதியில் போட்ட அத்தனை கோலையும் திருப்பி வாங்கி, மேற்கொண்டும் வாங்கித் தோற்றார்கள். இந்த அணிக்குப் பாதி ஆட்டத்துக்கு மேல் மூச்சு இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

டயர் கடைக்காரர் மட்டும் பேசவில்லை. மறுநாள் ஏதோ கையெழுத்துக்காகப் பூட்டு கடைக்குப் போனபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த டயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து, ஜாக்கி மேல் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தன. கடைக்காரர் அவரை இடது மூலையில் நிற்கச் சொன்னார். டயர்கள் இடது மூலைக்குப் போயின. வலது மூலையில் நிற்கச் சொன்னார். அங்கேயும் போயின. பிறகு கடைப் பையன்களை டீ குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"கோச், ஒண்ணுமே இல்ல. ஹாஃப் டைம்ல அந்த நாற்காலியத் தூக்கி அந்தப் பக்கம் போடுறோம். அவ்வளவுதான். கப்பு நம்ம வீட்டு அலமாரியில."

"அது ஆட்டமில்ல."

"பந்து தானாப் போகுது. நீங்க கையில பிடிச்சா தள்ளுறீங்க?"

"அதான் சொல்றேன். நான் தள்ளாதது எனக்கெதுக்கு?"

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு. யானை வாங்கிட்டேன், மேல ஏறி உக்காரக் கூடாதுங்கிறீங்க," என்று கடைக்காரர் ஷட்டரை ஏற்றினார். ஆனாலும் அந்த விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கண்ணியம் அவரிடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தூரம் கூடினால் அந்த இழுப்பு குறையும் என்பதைப் பூட்டு தாமாகவே கண்டுபிடித்தார். மைதானத்துக்கு எதிர்த்தெருவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் உச்சியில் ஏறி நின்றால் பந்து அவரை மறந்துவிட்டது. அன்றுமுதல் அவர் அங்கிருந்தே அணியை நடத்தினார். கேப்டனுக்கு ஹாஃப் டைமில் ஃபோன் செய்வார். தண்ணீர் அலம்பும் சத்தத்தில் பாதி கேட்காது. இடது பக்கம் காலியாக இருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒருமுறை எல்லோருமே இடது பக்கம் போய் நின்றார்கள். அந்தக் கிளப் அவரை விட்டது. அடுத்த கிளப்பில் ஒரு சினிமா தியேட்டரின் மொட்டை மாடி கிடைத்தது. அதற்கடுத்த கிளப்பில் செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை. டிவிஷன் இறங்க இறங்க, சுற்றிலும் உயரமான இடங்களும் குறைந்துகொண்டே வந்தன. தோல்வியில் ரசிகர்களின் முகத்தைப் பார்க்கப் பயந்து மாடியில் ஒளியும் மேனேஜர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. படம் வேறு போட்டிருந்தார்கள். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தலை. அக்கா அதைப் படித்துவிட்டு, நாலாக மடித்து, அலமாரியின் அடியில் போட்டார். பொய்யான அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம், உண்மையைத் திரித்து வரும் அவமானத்தைத்தான் தாங்க முடியாது என்பது அவருடைய கட்சி. பூட்டுவுக்குத் தலை நரைத்தது. முழங்கால் படியேறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது வேறொரு சத்தமும் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவார். தரையில் இருக்கும் சில்லறைப் பொருள்கள் மெல்ல நகர்ந்து வந்து அவரைச் சுற்றி நிற்கும். அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"யாராவது ஒருத்தர் உங்களத் தேடி வராம இருந்தா நல்லா இருக்கும், இல்லங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். ஒரு கோலிக்குண்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே கேட்டாள். அவர் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்ததாக வேறு தகவல் இல்லை.

கடைசியில் டயர் கடைக்காரரே மறுபடி கூப்பிட்டார். அந்தக் கிளப்பும் இறங்கி இறங்கி, இனி இறங்குவதற்குக் கீழே டிவிஷன் இல்லாத இடத்துக்கு வந்திருந்தது. கடைசி இடத்தில் முடித்தால் லீகை விட்டே வெளியே. வெளியே போனால் மைதானத்தின் சொந்தக்காரர் அதைக் கிடங்குக்கு விடுவதாக முன்பே சொல்லியிருந்தார். சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போயிருந்தார்கள். பால் வேன்காரருக்கும் பிளம்பருக்கும் முடி கொட்டியிருந்தது, ஆனால் இன்னும் ஆடினார்கள். பூட்டு மறுபடி அதே தண்ணீர்த் தொட்டியில் ஏறினார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், நிலைமை எளிமையானதாக இருந்தது. தோற்காமல் இருந்தால் போதும். சமன் செய்தாலும் கிளப் பிழைக்கும்.

ஆட்டத்துக்கு முந்தின மாலை, கேப்டன் வேலைப் பையோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"கோச், நாளைக்கு நீங்க மேல ஏற வேணாம். கீழ வாங்க."

"அங்கிருந்துதான்ப்பா நல்லாத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு நீங்க தெரியல. தோத்தாலும் உங்க மூஞ்சியப் பார்த்துட்டுத் தோக்கறோம். அப்பவும் இப்பவும் ஒரு தண்ணித் தொட்டிக்காகவே ஆடுறதா?"

மாடிப்படியில் அக்கா நின்றிருந்தார். கேப்டன் போன பிறகு, "வேண்டாம்," என்றார். பூட்டு துவைத்து மடித்த டிராக்சூட்டை எடுத்து நாற்காலியில் போட்டார். அக்கா அதைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் நானும் வருவேன், நடப்பது என் கண் முன்னால் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

மறுநாள், நடுக்கோடு எல்லைக்கோட்டைத் தொடும் முனையில் பூட்டு நின்றார். நின்ற இடத்தை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே நின்றால் பந்து எந்தக் கோலுக்கும் ஒத்தாசை செய்யாது, வெறுமனே வெளியேதான் வரும். அப்படியே வந்தது. வேகமாக அடித்த பந்து அடித்த இடத்துக்குப் போயிற்று. வேகம் குறைந்த பந்தெல்லாம் ஞாபகம் வந்ததுபோல் திரும்பி அவரிடம் வந்தது. அன்று எடுக்கப்பட்ட அத்தனை த்ரோ-இன்களை அந்த மைதானம் அதற்கு முன் கண்டதில்லை. எதிரணிக்காரர்கள் மைதானம் சரிவு என்று ரெஃபரியிடம் முறையிட்டார்கள். வார நாட்களில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அந்த ரெஃபரி. சரிவைப் பற்றி ஆட்டம் தொடங்குமுன் சொல்லியிருக்க வேண்டும் என்றார். டயர் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். எதிரே, பார்வையாளர்களின் சிமெண்ட் படிகளில், குடையை ஊன்றிக்கொண்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோச்சின் முகத்தைப் பார்த்தபடி ஆடிய அந்த அணி, பல வருடங்களுக்குப் பிறகு, பந்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. பிளம்பர் தம் வயதை மறந்து ஓடினார். கோல் எதுவும் விழவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அந்த மைதானத்தில் விளக்குகள் கிடையாது.

முடிய இன்னும் கொஞ்சமே இருக்கும்போது, ஒரு கார்னர் உதையில் ஜெராக்ஸ் கடைக்காரரின் கையில் பந்து பட்டது. ரெஃபரி பெனால்டி கொடுத்தார். அது சரியான பெனால்டிதான், ஜெராக்ஸ் கடைக்காரரும் மறுக்கவில்லை.

எதிரணியில் பெனால்டி அடிப்பவர், மீசை இப்போதுதான் கறுத்திருந்த இளைஞர், பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். திரும்பிப் பார்த்தபோது பந்து புள்ளியில் இல்லை. நடுக்கோட்டைப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எடுத்து வந்து மறுபடி வைத்தார். மறுபடி போயிற்று. குதிகாலால் ஒரு குழி பறித்து அதில் வைத்தார். பந்து குழியிலிருந்து ஏறி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கிளம்பியது. ரெஃபரி தாமே வைத்துப் பார்த்தார். அழுத்தி வைத்தார். பந்து அசையாமல் இருந்தால்தான் அடிக்கலாம், அது விதி. கையால் பிடித்துக்கொள்ள விதியில் இடமில்லை. வெளிச்சம் இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தினால் அப்போதிருக்கும் கோல் கணக்கே முடிவு என்பதும் அந்த லீகின் விதி.

டயர் கடைக்காரர் எழுந்து வந்து பூட்டுவின் தோளருகே நின்றார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"கோச், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். அப்படியே நில்லுங்க. இன்னும் கொஞ்சத்துல இருட்டிரும். யாருக்கும் எதுவும் தெரியாது. கிளப் பொழச்சுரும், உங்க பேரும் பொழச்சுரும். சும்மா நிக்கிறது ஒரு தப்பா?"

பூட்டு அந்த இளைஞரைப் பார்த்தார். அவர் பந்தைத் துரத்திப் பிடித்து, மார்போடு அணைத்து, அழுகிற முகத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பந்தைக்கூட நிறுத்தத் தெரியலையாடா என்று யாரோ கத்தினார்கள். பூட்டு கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் கால் வைத்தார். சில அடி நடந்ததும் முதுகு தானாகவே வளைந்தது. எத்தனையோ வருடங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்து நின்ற முதுகு அது.

சிமெண்ட் படிகளிலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம் முழுவதையும் ஒலிபெருக்கி இல்லாமல் அடக்கிய குரல்.

"டேய்! கூன் போடாம நட!"

அவர் நிமிர்ந்தார். பெனால்டி புள்ளிவரை நிமிர்ந்தே நடந்தார்.

"சார், பந்து என்கிட்டதான் வரும். என்னோட ராசி அப்படி. நான் பக்கத்துல நின்னா அசையாது," என்று ரெஃபரியிடம் சொன்னார்.

ரெஃபரி யோசித்தார். "பந்துப் பக்கத்துல எதிரணி மேனேஜர் நிக்கலாம்னு விதி இல்லையே."

"நிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

"இருக்கணும். ஆனா இந்த விஷயத்தை நினைச்சு யாரும் எழுதியிருக்க மாட்டாங்க," என்று ஒப்புக்கொண்டு, பந்தைப் புள்ளியில் வைத்தார். பூட்டு இடது காலை அதற்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து நின்றார். பந்து லேசாக நகர்ந்து அவருடைய ஷூவைத் தொட்டது. அவர் அதைத் தள்ளிப் புள்ளியில் விட்டு, காலை அங்கேயே ஒட்டி வைத்தார். பந்து நின்றது.

"அண்ணே, நீங்க இவ்வளவு பக்கத்துல நின்னா எனக்குக் கால் நடுங்குதுண்ணே," என்றார் இளைஞர்.

"எனக்கும்தான் நடுங்குது. அடி."

"எந்தப் பக்கம்ணே அடிக்கட்டும்?"

"நல்லாக் கேட்ட போ. கோல்ல நிக்கிறது என் ஆளு. மூடிட்டு அடி."

இளைஞர் ஓடி வந்து அடித்தார். பால் வேன்காரர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவருடைய விரல் நுனிக்கு மேலே போய் வலையில் விழுந்தது. எதிரணி கத்திக்கொண்டு ஓடியது. அவர்கள் கத்தி முடிப்பதற்குள், பந்து வலையிலிருந்து இறங்கி, படுத்துக் கிடந்த பால் வேன்காரரைச் சுற்றிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, மைதானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பூட்டுவின் காலடிக்கு வந்து நின்றது. கத்தியவர்களும் நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில்தான் அக்கா இத்தனை வருடங்களாகப் பயந்திருந்த கேள்வி வந்தது. மேல் படியிலிருந்து ஒரு ரசிகர், வயதானவர், பூட்டுவின் பழைய ஆட்டங்களைப் பார்த்தவர், கையைக் குவித்துக் கத்தினார். "யோவ் பூட்டு! அந்தக் காலத்துலயும் இதே வித்தைதானா?"

அக்கா எழுந்து, குடையை ஊன்றி, அந்தப் பக்கம் திரும்பினார்.

"வித்தை காட்டுறவன் லாபத்துக்குக் காட்டுவான்யா. இவன் இப்ப யாருக்கு நின்னான்? கண்ணு இருக்குல்ல, பார்த்தீல்ல? உக்காரு."

அந்த ரசிகர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்தார்கள். ரெஃபரி விசில் ஊதினார். கிளப் லீகை விட்டு வெளியேறியது.

கிடங்கு கட்டப்பட்டது. கோல் கம்பங்கள் இருந்த இடத்தில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கினார்கள். பால் வேன்காரரும் பிளம்பரும் விளையாடுவதை விட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு கிளப்பில் சேர்ந்து, அங்கேயும் கையில் பந்து பட்டதாகச் செய்தி வந்தது. டயர் கடைக்காரர் நெடுநாள் பேசவில்லை. கடைக்கு வெளியே அடுக்கிய டயர்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, பூட்டு கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. சிலர் அக்கா பயந்தபடியே பேசினார்கள். பேசியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். குழந்தைகள் அவர் போகும் வழியில் கோலிக்குண்டு வைத்துப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பருவம் முழுக்க எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகும் மனைவிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, தம்மைத் தேடி வருபவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு முற்பகலில் சலவைக் கடை நடத்தும் ஓர் அம்மாள் வந்தார். வாய்க்கால் ஓரமாக ஒரு மைதானமும், லீகிலேயே சேராத ஓர் அணியும் அவருடைய பொறுப்பில் இருந்தன. சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"எங்க கிரவுண்டு வாய்க்காலப் பார்த்துச் சரிவுங்க. பந்து வெச்ச இடத்துல நிக்காது. ஆட்டத்துல பாதி நேரம் தண்ணியிலதான் கிடக்கும். மண்ணடிச்சு மேடாக்க எங்களால ஆகாது. நீங்க ஜெயிச்சுக் குடுக்க வேணாம். மேட்டுப் பக்கமா வந்து நின்னீங்கன்னா போதும்."

"எவ்வளவு சரிவு?" என்று கேட்டார் பூட்டு. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

அவர் மேட்டுப் பக்க எல்லைக்கோட்டில் நின்றார். சலவைக் கடை அம்மாள் பந்தை நடுவில் வைத்தார். அது மேட்டில் ஏறி அவரிடம் வந்தது. அவர் பின்னால் நகர்ந்து வேலியருகே நின்றார். பந்து வாய்க்காலுக்குப் போயிற்று, அதை வலைக்கம்பால் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தார். ஏறியது. அரை அடி பின்னால். இறங்கியது. முழங்கால் வலிக்க, ஒரு மின்கம்பத்தின் ஓரமாக அவர் கால் மாற்றி நின்றபோது, அம்மாள் பந்தை வைத்துக் கையை எடுத்தார். பந்து அங்கேயே இருந்தது. அம்மாள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். ஆட்டக்காரர்கள் ஷூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டு அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கை அதன் மேல் வந்து உட்கார்ந்து, பறந்தும் போயிற்று. அப்போதும் அது அசையவில்லை.

முதல் ஆட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்கா. மூணு கோல். மூணுமே முறையாப் போட்டது."

"பந்து?"

"நின்னுச்சு."

"சரி," என்றார் அக்கா. "கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு."